நோயாளியின் அருகில் யார்?

சித்தூர் மாவட்டத்தில் தவணம்பள்ளி மண்டலத்தைச் சேர்ந்தது அரகொண்டா என்னும் சிற்றூர். அப்போலோ மருத்துவமனைகளை நிறுவிய டாக்டர் பிரதாப் சி. ரெட்டி பிறந்த ஊர் அது. அங்குள்ள மருத்துவமனையைச் செயற்கைக்கோளின் துணையால் பெருநகர மருத்துவர்களோடு இணைக்கும் தொலைமருத்துவ நிலையத்தை, 2000-ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று, அப்போது அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த பில் கிளிண்டன் தொடங்கிவைத்தார். இணைப்புக்கு வேண்டிய துணையை நம் நாட்டு விண்வெளி ஆய்வு நிறுவனம் நல்கியது. கடலை விளைவிக்கும் உழவரும் கரும்பு வெட்டும் கூலியாளரும் வாழும் வட்டாரத்து ஊர் ஒன்று, மருத்துவ உலகம் திரும்பிப் பார்க்கும் ஊராயிற்று.

அன்று தொடங்கி இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. அன்று புதுமையாயிருந்தது இன்று வழக்கமாகிவிட்டது. கிராமத்துச் சுகாதார நிலையத்தில் அமர்ந்து நகரத்து மருத்துவரோடு பேசுவதும், நோயாளியின் வரலாற்றை ஓர் எண்ணின் கீழ்ச் சேமித்து வைப்பதும், நெஞ்சுத் துடிப்பின் கோட்டை நொடிப்பொழுதில் நூறு கல் தொலைவுக்கு அனுப்புவதும் இந்நாளில் யாரையும் வியப்பில் ஆழ்த்துவதில்லை. வியப்பு அடங்கிய பிறகே ஒரு பொருளைப் பற்றி நிதானமாகச் சிந்திக்க முடியும். ஆதலின் இப்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தொலைவிலிருந்து தரப்படும் கவனிப்பு உண்மையில் கவனிப்பாகுமா? ஆகுமாயின், எப்போது ஆகும்?

இதனை ஏதோ பொறியியலார் மட்டும் ஆராய வேண்டிய கேள்வியென்று தள்ளிவிடலாகாது. பிணியை நான்கு பெருந்துன்பங்களுள் ஒன்றாகக் கொண்டு சிந்தனையைத் தொடங்கிய மரபு நம்முடையது. பிணியாளனுக்குச் செய்யும் தொண்டு எத்தகையதாயிருக்க வேண்டும் என்பது அறத்தைச் சார்ந்த கேள்வியே.

முதலில் இக்கருவிகளால் விளைந்த நன்மையை மறைக்காமல் கூறுவோம். நோயுற்ற ஏழைக்குச் சாலை ஒரு பெரும் பகை. மலையடிவாரத்துச் சிற்றூரிலிருந்து ஒருவர் திருப்பதிக்கோ, வேலூருக்கோ, சென்னைக்கோ சென்று மருத்துவரைக் காண வேண்டுமானால், அவருடைய ஒருநாள் கூலி போயிற்று. துணைக்கு வருபவரின் கூலியும் போயிற்று. பேருந்துக் கட்டணம், சாப்பாட்டுச் செலவு, அன்று மருத்துவரைக் காண முடியாவிட்டால் இரவு தங்கும் இடம் என்று கணக்கு நீளும். இத்தனையும் செய்து சென்றால், மருத்துவர் பேசுவது சில நிமிடங்களே. அடுத்த மாதம் மீண்டும் வரச் சொன்னால், பலர் வருவதில்லை. குருதிக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மருந்து தீர்ந்த பின்னும், "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று நாள் கடத்திப் பின்னர் பக்கவாதத்தோடு வண்டியில் ஏற்றப்படுவோரை நாம் எல்லோரும் அறிவோம். அவர்களை அறியாமையுடையோர் என்று பழிப்பது எளிது. சாலையின் நீளமும் கையிருப்பின் குறுக்கமுமே அவர்களைத் தடுத்தன என்பதே உண்மை.

இந்தச் சாலையைத் தொலைமருத்துவம் பெரிதும் குறைத்தது. அதன் செயல்முறை எளிது. கிராம நிலையத்தில் இருக்கும் சுகாதார அலுவலர் நோயாளியைப் பரிசோதித்து, குருதி அழுத்தம், சர்க்கரை அளவு முதலியவற்றைக் குறித்து, திரையின் வழியே பெரிய மையத்திலுள்ள மருத்துவரோடு இணைக்கிறார். மருத்துவர் நோயாளியோடு பேசி, மருந்துச் சீட்டை அங்கிருந்தே அனுப்புகிறார். 2019 நவம்பரில் நடுவணரசு தொடங்கிய இ-சஞ்சீவனி என்னும் திட்டம் இம்முறையில் நடைபெறுவது. 2023 பிப்ரவரிக்குள் அதன் வழியாக நடந்த கலந்தாய்வுகள் 10 கோடியைக் கடந்தன. அதனைப் பெரிதும் பயன்படுத்திய மாநிலங்களின் முன்வரிசையில் ஆந்திரம் நின்றது. கொரோனாக் கொள்ளைநோய் பரவிய 2020 மார்ச்சில், தொலைவிலிருந்து மருத்துவம் செய்வதற்கான நெறிமுறைகளையும் அரசு வெளியிட்டது. சித்தூர் மாவட்டத்தின் தென்கோடியில் மூன்று மாநிலங்கள் கூடும் குப்பத்தில், அரசு மருத்துவமனையோடு சுற்றுப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களை இணைக்கும் மின்னணு மையம் ஒன்று, டாட்டா நிறுவனத்தாரின் துணையோடு 2025 ஜூலையில் தொடங்கப்பெற்றது.

இவற்றால் உயிர் பிழைக்கிறதா என்று கேட்பார்க்கும் விடை உண்டு. அண்டை மாநிலமாகிய தமிழ்நாட்டில், மாரடைப்பு நோயாளிகளைப் பற்றி நடத்திய ஆய்வொன்று 2017-இல் வெளிவந்தது. சிறிய மருத்துவமனைகளையும் அவசர ஊர்திகளையும் பெரிய இதய மருத்துவமனைகளோடு இணைத்து, இதயத்துடிப்புக் கோட்டை உடனே அனுப்பி, அங்குள்ள மருத்துவர் சொற்படி இங்கேயே சிகிச்சை தொடங்கும் ஏற்பாடு அது. 2,420 நோயாளிகளை உட்கொண்ட அவ்வாய்வில், ஏற்பாட்டுக்கு முன் ஓராண்டுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 17.6 பேர், பின் 14.2 பேர். நூறு குடும்பங்களில் மூன்று குடும்பங்கள் தாலியையோ தந்தையையோ இழக்காமல் தப்பின என்பது சிறிய செய்தியன்று.

திருப்பதியை எண்ணிப் பாருங்கள். நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் நாள்தோறும் பல்லாயிரவர் அங்கு வருகின்றனர். அலிபிரியிலிருந்து 3,500-க்கு மேற்பட்ட படிகளை முதியோரும் ஏறுகின்றனர். வழியில் ஒருவர் மயங்கி வீழ்ந்தால், அவர் மொழி அங்குள்ளோர்க்குத் தெரியாது. அவர் உண்ணும் மருந்து இன்னதென்று சொல்ல ஆளில்லை. எந்த மருந்து அவர் உடலுக்கு ஒவ்வாது என்பதும் தெரியாது. அவருடைய மருத்துவ வரலாறு அவர் இசைவோடு உடனே கிடைக்குமானால், மருத்துவர் இருட்டில் தடவ வேண்டியதில்லை. 2021 செப்டம்பரில் நாடெங்கும் தொடங்கப்பெற்ற ஆயுஷ்மான் பாரத் மின்னணு இயக்கத்தில் ஒவ்வொருவருக்கும் 14 இலக்க எண் ஒன்று தரப்படுவது இந்நோக்கத்துக்காகவே. அவ்வெண்ணைப் பெறுவதும், குறிப்புகளைப் பிறர்க்குக் காட்டுவதும் அவரவர் விருப்பத்தைச் சார்ந்தவை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தொலைவிலுள்ளோர்க்கு மருந்து சென்று சேர வேண்டுமென்ற எண்ணம் நமக்குப் புதிதன்று. இதே இராயலசீமைப் பகுதியில், கர்நூல் மாவட்டத்து எர்ரகுடிப் பாறைகளில் அசோக மன்னனின் சாசனங்கள் இன்றும் உள்ளன. மனிதர்க்கும் விலங்குகட்கும் மருத்துவம் செய்ய ஏற்பாடு செய்ததையும், மூலிகைகள் இல்லாத இடங்களுக்கு அவற்றைக் கொணர்ந்து நட்டதையும், தன் ஆட்சிக்கு அப்பாற்பட்ட சோழர், பாண்டியர் நாடுகளிலும் இவ்வறம் நடந்ததையும் அம்மன்னனின் இரண்டாம் பாறைச் சாசனம் கூறுகிறது. சாலையைக் கடந்து செல்லும் மருத்துவத்தைப் போற்றுவது நம் மரபுக்கு இயல்பே.

இங்ஙனம் நன்மையை ஒப்புக்கொண்ட பின், ஒரு மறுப்பையும் கேட்போம். "நாடியைத் தொட்டுப் பாராதவன் வைத்தியனா? நோயாளியின் முகத்தைத் திரையில் கண்டு மருந்து சொல்வது, தபாலில் தாலாட்டு அனுப்புவது போன்றதன்றோ?" என்று முதியவர் சிலர் நம்மிடம் கேட்டதுண்டு. அவர்கள் கேட்பதில் பொருள் உண்டு. ஆனால் தொடாமல் செய்வது எல்லாம் குறையுடையது, தொட்டுச் செய்வது எல்லாம் நிறைவுடையது என்று முடித்துவிட முடியாது. கவனிப்பு என்பது எவ்வெவ் உறுப்புகளை உடையது என்று முதலில் பிரித்தறிய வேண்டும். அதற்கு விநய நூலில் ஓர் அளவுகோல் இருக்கிறது.

வயிற்றுப்போக்கால் வருந்திய பிக்கு ஒருவர், தம் கழிவிலேயே கிடந்தார். ஆனந்தரோடு அவ்வழி வந்த புத்தர் பெருமான் அவரைக் கண்டார். உம்மைக் கவனிப்பார் இல்லையோ என்று வினவ, தாம் பிறர்க்கு ஒரு பயனும் செய்யாதவர் ஆதலால் எவரும் கவனிப்பதில்லை என்று அப்பிக்கு விடையிறுத்தார். பெருமான் தாமே நீர் வார்க்க, ஆனந்தர் உடலைக் கழுவினார். ஒருவர் தலைப்பக்கமும் ஒருவர் காற்பக்கமும் பிடித்துப் படுக்கையில் கிடத்தினர். அதன் பின்னரே சங்கத்தைக் கூட்டி, பிணியாளரைப் பேணுவது தமக்குச் செய்யும் தொண்டுக்கு ஒப்பாகும் என்று அறிவுறுத்தினார். பயன்படாதவன் என்ற காரணத்தால் ஒருவன் கைவிடப்பட்டான் என்பதே இக்கதையின் கூர்மை. பயனுள்ளோர்க்கு மட்டும் கவனிப்பு என்னும் கணக்கை அவர் அன்றே உடைத்தெறிந்தார்.

அவ்விடத்திலேயே, நல்ல செவிலி எப்படிப்பட்டவர் என்பதற்கு ஐந்து தகுதிகள் கூறப்படுகின்றன. மருந்தைத் தக்கவாறு அமைத்துத் தரும் ஆற்றல் ஒன்று. நோயாளிக்கு ஏற்றது எது, ஏலாதது எது என அறிதல் இரண்டு. ஊதியத்தை நாடாது அன்பினால் தொண்டு செய்தல் மூன்று. மலம், சிறுநீர், எச்சில், வாந்தி ஆகியவற்றை அருவருக்காது அகற்றுதல் நான்கு. தக்க சமயத்தில் அறவுரையால் நோயாளியின் மனத்தைத் தேற்றுதல் ஐந்து. நோயாளிக்கும் ஒரு கடமை அங்கே கூறப்படுகிறது: நோய் மிகுகிறதா, குறைகிறதா, நிலைத்து நிற்கிறதா என்பதை உள்ளவாறு சொல்ல வேண்டும்.

இவ்வளவுகோலால் நம் காலத்துக் கருவியை அளப்போம். முதலிரண்டு தகுதிகளில் கருவி பெருந்துணை. எந்த மருந்து, எவ்வளவு, எதனோடு சேர்ந்தால் தீங்கு என்பவற்றை மனித நினைவைவிடத் தவறின்றி வைத்துக் கொள்ளும். தொலைவிலுள்ள வல்லுநரின் அறிவைச் சிற்றூர்ச் செவிலியின் கைக்குக் கொணர்ந்து கொடுக்கும். ஐந்தாவதில் பாதி உதவும். பழகிய மருத்துவரின் குரல் திரைவழியே வந்தாலும் ஆறுதல் தருவதை நாம் கண்டிருக்கிறோம். மூன்றாவதும் நான்காவதும் கருவியின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. அன்பைக் கம்பியிலோ வானிலோ அனுப்பும் வழி இன்னும் காணப்படவில்லை. கழிவைத் துடைக்க ஒரு கை வேண்டும். அக்கை நோயாளியின் அருகில் இருக்க வேண்டும்.

ஆகவே கருவி செவிலிக்குத் துணையாகும். செவிலியின் இடத்தை நிரப்பாது. இம்முடிவை மறுப்போர் இலர். ஆயினும் நடைமுறையில் இதை மறந்துவிடுவது எளிது. மறந்தால் என்ன நேரும் என்பதற்கு மின்னணுக் கருவி எதுவும் தோன்றாத காலத்து நிகழ்ச்சி ஒன்றை இங்கே நினைவூட்டுகிறோம்.

அண்ணல் அம்பேத்கர் தம் வாழ்க்கைக் குறிப்புகளாகிய 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்னும் சிறு நூலில், 1929 டிசம்பரில் 'யங் இந்தியா' இதழில் வெளிவந்த கடிதம் ஒன்றை எடுத்துக்காட்டுகிறார். எழுதியவர், கத்தியவாரில் பணிபுரிந்த, தீண்டப்படாதோர் என ஒதுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர். அவர் மனைவி மகப்பேற்றுக்குப் பின் நோயுற்றாள். மருத்துவர் சேரிக்குள் வர மறுத்தார். ஊர்ப் பெரியோர் தலையிட்டு, கட்டணமும் உறுதி செய்யப்பட்ட பின், சேரிக்கு வெளியே நோயாளியைக் கொண்டுவரச் செய்து பார்த்தார். எவ்வாறு பார்த்தார்? வெப்பமானியை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார். அவர் கணவனிடம் கொடுத்தார். கணவன் மனைவியிடம் கொடுத்தான். அளந்தபின் அதே வரிசையில் கருவி திரும்பியது. விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்து நோய் இன்னதென்று கூறி மருத்துவர் அகன்றார். மருந்து வந்தது. பின்னர் அவர் மீண்டும் வந்து பார்க்க மறுத்தார். அவள் இறந்தாள்.

இந்நிகழ்ச்சியை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அங்கே கருவி இருந்தது. அது சரியாகவே அளந்தது. அளவு மருத்துவரிடம் சேர்ந்தது. மருந்தும் தரப்பட்டது. இன்றைய தொலைமருத்துவத்தின் உறுப்புகள் ஏறத்தாழ எல்லாம் அங்கே இருந்தன. மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையே சில அடிகளே தூரம். அவ்வடிகளைத்தான் அவர் கடக்கவில்லை.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் இது. தூரம் இருவகைப்படும். சாலையின் தூரம் ஒன்று. மனத்தின் தூரம் மற்றொன்று. முதலாவதைக் கருவி போக்கும். இரண்டாவதைக் கருவி போக்காது. சில வேளைகளில் அதற்கு மறைவிடமும் கொடுக்கும். சாலை நீண்டதால் திரைவழியே பார்க்கும் மருத்துவரும், தொட விரும்பாததால் திரைவழியே பார்க்கும் மருத்துவரும் வெளிப்பார்வைக்கு ஒரே தோற்றம் உடையவர். முன்னவர் வரமுடியாத இடத்துக்குத் தம் அறிவை அனுப்புகிறார். பின்னவர் வரக்கூடிய இடத்துக்கு வராமலிருக்க ஒரு நற்சாக்கைப் பெறுகிறார். நகரத்துச் செல்வர்க்கு நேரிற்காணும் மருத்துவரும் சேரிக்குத் திரையும் என்ற பிரிவினை நிலைத்துவிடுமானால், பழைய வேலியை மின்கம்பியால் மீண்டும் கட்டினோம் என்றே பொருள்படும். கலந்தாய்வுகளின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்போர்க்கு இவ்வேறுபாடு தென்படாது.

அண்மையில் சித்தூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் சுகாதார நிலையத்தில் நாம் கண்டதைச் சொல்வோம். ஊரின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. தமிழ் பேசும் மூதாட்டி ஒருவர் காய்ச்சலும் அசதியும் என்று வந்திருந்தார். அங்கிருந்த அலுவலர் கடமை தவறாதவர், கடுமொழி பேசாதவர். ஆனால் அவர் கண்கள் கையிலிருந்த பலகைக் கருவியிலேயே இருந்தன. பெயர், எண், வயது, கைப்பேசி, குடும்ப அட்டை, குருதி அழுத்தம் என்று நிரப்ப வேண்டிய கட்டங்கள் பல. ஒன்றை நிரப்பாவிட்டால் அடுத்தது திறவாது. வெளியே பதினைந்து பேர் காத்திருந்தனர். திரையில் மருத்துவர் தோன்றினார், தெலுங்கில் இரண்டு கேள்விகள் கேட்டார், மூதாட்டி தலையசைத்தார், காய்ச்சல் மாத்திரை எழுதப்பட்டது. எல்லாம் முறைப்படி முடிந்தது.

அப்போது அதே தெருவைச் சேர்ந்த ஆஷாப் பணியாளரான இளம்பெண், மூதாட்டியின் நடையைக் கண்டு, "அவ்வா, காலுக்கு என்ன?" என்று கேட்டுக் குனிந்து சேலைக் கரையைச் சற்றே விலக்கினாள். குதிகாலில் ஆழ்ந்த புண் ஒன்று கறுத்துச் சீழ்வைத்திருந்தது. நீரிழிவினால் உணர்ச்சி மரத்துப்போன பாதம். ஆதலால் வலியே இல்லை. "ஏன் அவ்வா சொல்லவில்லை?" என்றதற்கு, "கேட்டாத்தானே சொல்லுவேன்" என்றார் மூதாட்டி. உடனே அலுவலர் அப்புண்ணைப் படம் பிடித்து அதே கருவியில் அனுப்பினார். மருத்துவர் மீண்டும் திரைக்கு வந்து, சர்க்கரையை அளக்கச் சொல்லி, தாமதமின்றிப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புமாறு கூறினார். அவர் கால் பிழைத்தது.

அன்று கருவி தோற்றதா, வென்றதா? இரண்டும் நிகழ்ந்தன, இடையில் வேறுபட்டது ஒன்றே: ஒருத்தி குனிந்தாள். குனிவதற்கு முன் கருவி ஓர் எழுதுகோலாக மட்டும் இருந்தது. குனிந்த பின் அது ஓர் உயிர்காக்கும் துணையாயிற்று. நோயை உள்ளவாறு சொல்வது நோயாளியின் கடமையென்று மேலே கண்டோம். அக்கடமையை நோயாளி ஆற்ற வேண்டுமாயின், கேட்பவர் முகம் அவரை நோக்கியிருக்க வேண்டும். கேட்கும் மொழி அவர் மொழியாக இருக்க வேண்டும்.

மொழியைப் பற்றி இன்னும் ஒரு சொல். 1911-இல் உருவாகி, 1953 வரை சென்னை மாகாணத்தோடு இருந்த மாவட்டம் சித்தூர். எல்லைகள் மாறின, தெருவில் பேசும் மொழிகள் மாறவில்லை. நகரியிலும், புத்தூரிலும், குப்பத்திலும் தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசுகின்றன. ஆனால் நோயாளியின் குறிப்பேடு பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகிறது. தன் உடலைப் பற்றிய வரலாற்றைத் தானே படிக்க முடியாதவர், அதனைப் பிறர்க்குக் காட்ட இசைவு தருகிறார் என்றால், அவ்விசைவுக்கு என்ன மதிப்பு? இன்னதற்கு இசைகிறோம் என்று அறிந்து தருவதே இசைவு. தனிமனிதர் தரவுகளைக் காக்க 2023-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியுள்ளது. சட்டத்தின் காவல் வேண்டியதே. அதனோடு, புரியும் மொழியில் எடுத்துச் சொல்லும் ஒருவரும் அருகில் வேண்டும்.

கருவி எல்லோரையும் ஒரே கண்ணால் பார்க்கும் என்று நம்புவதும் முழு உண்மையன்று. விரல் நுனியில் மாட்டிக் குருதியின் உயிர்வளியை அளக்கும் சிறு கருவியைக் கொரோனாக் காலத்தில் வீடுதோறும் கண்டோம். கறுத்த தோலுடையோரிடம் அது உண்மையைவிட மிகுதியாகக் காட்டிவிடக்கூடும் என்பதை 2020-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு காட்டியது. மறைந்திருந்த உயிர்வளிக் குறைவைக் கருவி தவறவிட்டது, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தாரிடம் ஏறத்தாழ மூன்று மடங்காகும். அக்கருவிக்கு எவர்மீதும் வெறுப்பில்லை. அதனைச் செய்து சோதித்தவர்கள் யாரை முன்னிறுத்திச் சோதித்தார்களோ அவர்களை அது நன்கு அறிந்தது. மற்றவர்களைக் குறைவாக அறிந்தது. ஆகவே கருவியின் எண்ணை நோயாளியின் மூச்சோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கண் ஒன்று எப்போதும் விழித்திருக்க வேண்டும்.

இவ்வாறெல்லாம் கூறுவதால், பெரிய கட்டடங்களும் நேரிற்காணும் வல்லுநர்களும் இருந்தாலன்றி மருத்துவமில்லை என்று நாம் வாதிடுவதாகக் கொள்ளற்க. அதற்கு மாறான சான்று நம் சென்னையிலேயே கிடைத்தது. காசநோய்க்குச் சானிடோரியமே கதி என்று நம்பிய காலம் ஒன்றிருந்தது. மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரம் அத்தகைய புகழ்பெற்ற இடங்களுள் ஒன்று. 1956-இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், ஒரு சாராரைச் சானிடோரியத்திலும் மற்றொரு சாராரை அவரவர் ஏழை வீட்டிலும் வைத்து ஒரே மருந்து கொடுத்து ஆராய்ந்தது. நெருக்கடியான குடிசையும் குறைந்த உணவுமாக இருந்தும், வீட்டில் இருந்தோர் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தனர் என்று 1959-இல் முடிவு வெளியாயிற்று. உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கை அம்முடிவு மாற்றியது. அங்கே கட்டடத்தின் இடத்தை எது நிரப்பியது? மருந்து நிரப்பியது, அம்மருந்து உண்ணப்படுகிறதா என்று சந்துதோறும் வீடு தேடிச் சென்ற சுகாதாரப் பணியாளரின் கால்களும் நிரப்பின. மருத்துவமனையை வீட்டிலிருந்து தூரத்தில் வைக்கலாம்; மனிதரைத் தூரத்தில் வைக்கலாகாது என்பதே அவ்வாய்வு நமக்குச் சொல்வது.

ஆகையால் மின்னணு மருத்துவத்தை அளக்கும் கேள்வி ஒன்றே போதும். இக்கருவி வந்தபின், நோயாளியின் அருகில் இருப்பவருக்கு நேரம் கூடியதா, குறைந்ததா? ஏட்டில் ஐந்து முறை எழுதியதை ஒருமுறை எழுதச் செய்து, மிஞ்சிய நேரத்தை நோயாளியின் முகத்தைப் பார்க்கத் தந்தால், அக்கருவி அறத்தின் பக்கம் நிற்கிறது. ஏட்டிலும் எழுதி, கருவியிலும் எழுதி, எண்ணிக்கை குறைந்ததற்கு விளக்கமும் எழுதச் செய்தால், அது எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் நோயாளிக்குப் பகையே. சிற்றூர்ச் செவிலியும் ஆஷாப் பணியாளரும் குனிந்து பார்க்கும் அந்த ஒரு நிமிடத்தைக் காப்பாற்றித் தருவதே திட்டம் வகுப்போரின் முதற்கடமை.

நமக்கும் கடமை இல்லாமற் போகவில்லை. கைப்பேசியை இயக்கத் தெரிந்த இளைஞர்கள் இன்று ஒவ்வொரு தெருவிலும் இருக்கின்றனர். தம் தெருவிலுள்ள முதியவர் ஒருவரைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லவும், மருத்துவர் சொன்னதை அவர் மொழியில் மீண்டும் எடுத்துச் சொல்லவும், எந்த எண்ணை யாரிடம் கூறலாம், கூறலாகாது என்று விளக்கவும், மருந்து தீரும் நாளை நினைவூட்டவும் பெரும் படிப்பு வேண்டுவதில்லை. வாரத்தில் ஒரு முற்பகல் போதும். பிள்ளைகள் வெளியூர் சென்றுவிட, தமக்கு யாரும் இல்லை என்றும், தம்மால் யாருக்கும் பயனில்லை என்றும் எண்ணிக் கிடக்கும் முதியோரை முதலில் தேடிச் செல்ல வேண்டும். அந்தப் பிக்குவும் அவ்வாறு எண்ணியே கிடந்தார்.

அரகொண்டாவுக்கு வானிலிருந்து வந்த இணைப்பு மனித அறிவின் பெருமைக்குரியது. அதனை நன்றியோடு ஏற்போம். ஆனால் வானம்வரை சென்று திரும்பும் அச்செய்தி, இறுதியில் ஒரு பாயருகே வந்து நிற்கிறது. அப்பாயில் கிடப்பவரின் தலையை ஒருவரும் காலை ஒருவரும் தாங்க வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் நாம் இருக்கிறோமா என்று நம்மையே கேட்டுக்கொள்வோமாக.